கதை முடிவில் புலி என்ன ஆகிறது?

(குண்டலுபேட்டையில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உலகத்து நாடுகள் தத்தம் குழந்தைகளுக்கென்று ஆக்கித் தரும் அசைவூட்டச் சித்திரப் படங்கள், நம் வீட்டுப் பிள்ளைகள் கார்ட்டூன் என்ற ஒரே பெயரால் அழைக்கின்ற அந்தப் படங்கள், தேசத்துக்குத் தேசம் எவ்வாறு வேறுபடுகின்றன என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இவ்விஷயத்தைப் பெருநகரத்து மண்டபம் ஒன்றில் நின்று பேசுவதைவிட இவ்வூரில் பேசுவது எனக்குப் பேருவகை தருகிறது. வடக்கே மைசூருக்கும், தெற்கே உதகைக்கும், மேற்கே வயநாட்டுக்கும் செல்லும் சாலைகள் கூடுகின்ற இடம் இது. கன்னடமும் தமிழும் மலையாளமும் ஒரே கடைவீதியில் ஒலிக்கக் கேட்கலாம். அதனினும் முக்கியமாக, கண்ணபிரான் பசு மேய்த்த கோலத்தில் வணங்கப்படும் கோபாலசுவாமி பெட்டாவும், 1973இல் நாட்டின் முதல் ஒன்பது புலிக் காப்பகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்ட பந்திப்பூர்க் காடும் இவ்வட்டத்திலேயே இருக்கின்றன. பசுவும் புலியும் அண்டை அயலாக வாழ்கின்ற பூமி இது. நான் சொல்ல வந்த பொருளுக்கு அவை இரண்டும் இன்றியமையாத பாத்திரங்கள்.

பல நாட்டுக் கார்ட்டூன்களை ஒப்பிடப் புகுவோர் முதலில் கண்ணுக்குத் தெரியும் பேதங்களையே எடுத்துரைப்பது வழக்கம். ஜப்பானியச் சித்திரங்களில் கண்கள் பெரியவை என்பர். அமெரிக்கப் படங்களில் பாட்டும் கூத்தும் மிகுதி என்பர். ருஷ்யப் படங்களில் பனியும் மௌனமும் நிறைந்திருக்கின்றன என்பர். இவை உண்மையே எனினும், உடையையும் முகத்தையும் நிலக்காட்சியையும் பார்த்து ஒரு ஜனசமூகத்தின் சுபாவத்தை அளப்பது, கோபுரத்தின் வர்ணத்தைப் பார்த்துவிட்டுக் கோயிலை அறிந்ததாக எண்ணித் திரும்புவதற்கு ஒப்பாகும். என் அபிப்பிராயத்தில் கேட்கத்தக்க கேள்வி வேறு. கதையிலே குழந்தையை அச்சுறுத்த ஒரு பகைவன் வருகிறானே, அவன் ஓநாயாகவோ, சூனியக்காரியாகவோ, புலியாகவோ இருக்கட்டும். கதை முடியும்போது அவன் என்ன ஆகிறான்? கொல்லப்படுகிறானா, கேலிக்கு ஆளாகி ஓடுகிறானா, மனம் மாறுகிறானா, அல்லது அப்படி ஒருவன் அக்கதையில் இல்லவே இல்லையா? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், தேசங்களுக்கிடையே உள்ள வேற்றுமையும், சில சமயம் நாம் எதிர்பாராத ஒற்றுமையும் தெளிவாகப் புலப்படுகின்றன.

இதற்கு அளவுகோலாக நான் எடுத்துக்கொள்ளும் கதை உங்களுடையது. கன்னட நாட்டில் 'கோவின ஹாடு' என்று தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டும், பள்ளிப் புத்தகங்களில் அச்சேறியும் வருகின்ற புண்ணியகோடியின் கதையை இங்குள்ள கன்னட நண்பர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆயினும் தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்போர் பொருட்டும், பின்னர் இதை அச்சில் படிப்போர் பொருட்டும் சுருக்கமாகச் சொல்லுகிறேன். காளிங்கன் என்னும் இடையனின் மந்தையிலே புண்ணியகோடி என்றொரு பசு இருந்தது. மேய்ச்சலிலிருந்து வீடு திரும்பும் வழியில், பசியால் வாடிக் கிடந்த அர்புதன் என்னும் புலி அதை மறித்தது. வீட்டில் பால் குடிக்கும் கன்று காத்திருக்கிறது, அதற்குக் கடைசி முறையாகப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து உனக்கு இரையாகிறேன் என்று பசு வேண்டியது. புலி முதலில் நம்பவில்லை. பிறகு, வாக்கை வாங்கிக்கொண்டு விட்டது. பசு வீடு சென்று கன்றுக்குப் பாலூட்டி, தாயற்றுப் போகும் அச்சிறு உயிரை மற்றப் பசுக்களிடம் அடைக்கலமாக ஒப்படைத்து, தடுத்த உறவினரையெல்லாம் சத்தியத்தின் பெயரால் மறுத்துவிட்டு, புலியின் குகைக்கே திரும்பி வந்து நின்றது. சொன்ன சொல்லுக்காக உயிரைக் கொடுக்க வந்து நின்ற அப்பசுவைத் தொடப் புலிக்கு மனம் வரவில்லை. அதை உடன்பிறந்தாளாகக் கருதி, இப்படிப்பட்டதைத் தின்று உயிர் வாழ்வதினும் இறப்பதே மேல் என்று அது தன் உயிரை மாய்த்துக்கொண்டது.

இக்கதையில் பசுவின் பெருமையைப் பலரும் பேசிவிட்டார்கள். எனக்குப் பெரும் வியப்பைத் தருவது புலியின் பெருமையே. வாக்கைக் கேட்டு விட்டுவிடுகின்ற அந்த முதற்கணத்திலேயே அதன் உள்ளத்தில் ஒரு கதவு திறந்துவிடுகிறது. பலவானுக்கு மனச்சாட்சி உண்டு, அது விழித்தெழக்கூடியது என்னும் நம்பிக்கை கதைக்கு ஆதாரமாக நிற்கிறது. இக்கதையின் வேறு உருவங்கள் நாடெங்கும் உண்டு. பத்ம புராணத்தில் அப்பசுவின் பெயர் நந்தா. வடநாட்டில் பகுளா என்னும் பசுவின் பெயரால் பெண்கள் நோன்பே நோற்கிறார்கள். தமிழ்நாட்டுக் குழந்தைகள் அறிந்த பசுக் கதையோ திருவாரூரில் நடப்பது. சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் பாடியது. அங்கே கன்றை இழந்த பசு பேசுவதில்லை, நீதி கேட்டு அரசன் வாயிலிலுள்ள ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. கன்றைக் கொன்ற தேரில் வந்தவன் அரசனுடைய சொந்த மகன். பகைவனை வெளியே தேடாமல் தன் வீட்டுக்குள்ளேயே கண்டு, அம்மகன்மேலேயே தேரைச் செலுத்தி, பசுவின் இழப்பைத் தானும் ஏற்கிறான் சோழன். மலைக்கு இப்பாலும் அப்பாலும் இரண்டு பசுக்கள், இரண்டு அறங்கள்.

புண்ணியகோடியின் கதை முழுநீள அசைவூட்டப் படமாகவும் வந்துவிட்டது. வி. ரவிசங்கர் என்பவர் பொதுமக்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி ஆக்கிய 'புண்யகோடி' 2020இல் வெளிவந்தது. கன்னட நாட்டுப்புறக் கதை, பேசுகின்ற மொழி சமஸ்கிருதம், பசுவுக்குக் குரல் கொடுத்தவர் நடிகை ரேவதி, இசை அமைத்தவர் நம் இளையராஜா. சமஸ்கிருதத்தில் அசைவூட்டத் திரைப்படம் வந்தது அதுவே முதல் முறை. பெரிய முதலாளிகள் எவரும் முன்வராத காரியத்தை ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் சாதாரண மக்கள் செய்து முடித்தார்கள் என்பதை இச்சபையில் நன்றியோடு நினைவுகூர்கிறேன்.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். அங்கே புலியின் இடத்தில் நிற்பது ஓநாய். 1697இல் பிரெஞ்சுப் புலவர் பெரோல்ட் அச்சிட்ட கதையில் சிவப்புக் குல்லாய்ச் சிறுமியை ஓநாய் விழுங்கிவிடுகிறது, அவளை மீட்க ஒருவரும் வருவதில்லை. 1812இல் ஜெர்மானியரான கிரிம் சகோதரர் அதே கதையைத் தந்தபோது வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துச் சிறுமியை வெளியே எடுக்கிறான், வயிற்றில் கற்கள் நிரப்பப்படுகின்றன, ஓநாய் மாள்கிறது. மூன்று பன்றிக்குட்டிகளின் கதையை இங்கிலாந்தில் ஜேக்கப்ஸ் 1890இல் பதிப்பித்த உருவத்தில் முதலிரண்டு குட்டிகள் ஓநாய்க்கு இரையாகின்றன. மூன்றாவது, ஓநாயைக் கொதிநீரில் வேகவைத்துத் தின்றேவிடுகிறது. வால்ட் டிஸ்னி 1933இல் அதைத் திரைக்குக் கொண்டுவந்தபோது குட்டிகள் மூன்றும் பிழைக்கின்றன. ஓநாய் சுடுகலத்தில் விழுந்து அலறியோடுகிறது. பொருளாதார மந்தத்தில் சிக்கித் தவித்துக்கொண்டிருந்த அமெரிக்க மக்கள் அப்படத்தின் பாட்டைத் தங்களுக்கு ஆறுதலாகப் பாடிக் களித்தார்கள். கொடுமை தணிந்தது உண்மை. மரணத்தின் இடத்தை நகைப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் அந்த ஓநாய்க்கும் பசி உண்டே, அதனிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்த்தால் என்ன என்று அக்கதைகள் நினைப்பதில்லை. குளிர்காலத்தில் ஆட்டு மந்தைகளை ஓநாய்களிடம் பறிகொடுத்த குடியானவர்களின் பயம் அக்கதைகளில் உறைந்திருக்கிறது. அந்தப் பயத்தைக் குறைகூற எனக்கு உரிமையில்லை.

நம் நாட்டுப் புலியே அந்நியர் கையில் என்ன பாடுபட்டது என்பதைப் பார்ப்பதும் பயனுடையது. 1894இல் கிப்ளிங் எழுதிய 'ஜங்கிள் புக்' நூலில் ஷேர்கான் என்னும் புலி எருமை மந்தையால் மிதிபட்டுச் சாகிறது. மௌக்லி அதன் தோலை உரித்து ஓநாய்கள் சபை கூடும் பாறைமேல் விரிக்கிறான். 1967இல் வந்த டிஸ்னி படத்தில் வாலில் கட்டிய கொள்ளிக் கட்டையோடு அது வெருண்டு ஓடுகிறது. கரடி ஆடுகிறது, பாடுகிறது, காடே ஒரு கேளிக்கை மண்டபமாகிவிடுகிறது. அதே 1967இல் தொடங்கி 1971 வரை சோவியத் ருஷ்யாவில் ரோமன் தவீதவ் ஐந்து பகுதிகளாக ஆக்கிய 'மௌக்லி'யில் கேளிக்கைக்கு இடமில்லை. கருஞ்சிறுத்தை பகீரா அங்கே பெண்ணாக, கம்பீரமான தாய்மையோடு வருகிறது. செந்நாய்க் கூட்டத்தோடு நடக்கும் யுத்தம் ஒரு வீரகாவியத்தின் தோரணையில் சித்திரிக்கப்படுகிறது. ஜப்பானியர் 1989இல் அதைத் தொலைக்காட்சித் தொடராக்கினார்கள். அதுதான் இந்தி பேசிக்கொண்டு 1993இல் தூர்தர்ஷன் வழியாக நம் வீடுகளுக்கு வந்தது. இந்தியக் காட்டைப் பற்றி ஓர் ஆங்கிலேயர் எழுதியதை ஜப்பானியர் வரைய, இந்தியப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கண்டு களித்தார்கள். மூன்று தேசங்கள் மூன்று விதமாக அக்கதையைச் சொல்லின. மூன்றிலும் புலி பகைவனாகவே நின்றது.

பகைவனே இல்லாத கதைகளும் உண்டு. அவற்றைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன். 1960இல் சீனத்து ஷாங்காய் அசைவூட்டப்படக் கலைக்கூடத்தார், தவளைக் குஞ்சுகள் தம் தாயைத் தேடிச் செல்லும் சிறு படம் ஒன்றைச் செய்தார்கள். ஓவியர் சி பைஷியின் மைச் சித்திரங்களைத் தழுவி, கோடுகளால் வரையறுக்காமல் நீரில் மை பரவுவதுபோன்ற சாயலிலேயே ஒவ்வோர் உயிரும் நீந்தும்படி செய்த அருமையான படம் அது. குஞ்சுகள் பொன்மீனைத் தாயென்று நினைக்கின்றன, நண்டை நினைக்கின்றன, ஆமையை நினைக்கின்றன; யாரும் அவற்றை விழுங்க வரவில்லை. தவறுவதும் திருத்திக்கொள்வதுமே கதை. ருஷ்யாவில் யூரி நார்ஷ்டைன் 1975இல் ஆக்கிய 'மூடுபனியில் முள்ளெலி'யும் அத்தகையதே. முள்ளெலி தன் நண்பனான கரடிக்குட்டியைப் பார்க்கப் புறப்பட்டுப் பனிமூட்டத்தில் வழி தவறுகிறது, அஞ்சுகிறது, வியக்கிறது, போய்ச் சேருகிறது. ஜப்பானில் மியாசாகி 1988இல் தந்த 'டோட்டோரோ'விலும் வில்லன் இல்லை. தாய் நோயுற்று மருத்துவமனையில் கிடக்க, இரண்டு சிறுமியர் மரத்தில் வாழும் ஒரு பெரிய ஜீவனோடு சிநேகம் கொள்கிறார்கள். குழந்தையின் பயத்துக்கு ஓர் உருவம் கொடுத்து அதை அடித்துத் துரத்துவதற்குப் பதிலாக, பயத்தோடு கூடவே நடந்து அதைக் கடக்கச் செய்கின்றன இப்படங்கள். குழந்தைகளின் உள்ளத்தை இவ்வளவு கௌரவமாக நடத்துகிற கலையை நான் அதிகம் கண்டதில்லை.

இவ்வேற்றுமைகளுக்கெல்லாம் கலாசாரம் ஒன்றே காரணம் என்று கொள்வது பிழை. திரையில் ஒரு விநாடி ஓடுவதற்கு 24 சட்டங்கள் வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் புதுச் சித்திரம் வரைவதென்றால் பெரும் பொருட்செலவு. ஷாங்காய்க் கூடமும், 1936இல் மாஸ்கோவில் தோன்றிய சோயுஸ்முல்த்ஃபில்ம் கூடமும் அரசாங்கப் பணத்தில் நடந்தவை. டிக்கெட்டு விற்பனையைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு குறும்படத்தின்மேல் மாதக்கணக்கில் உழைக்க அங்கே கலைஞருக்கு அவகாசம் இருந்தது. அதற்கு ஈடாகத் தணிக்கையும் இருந்தது. டிஸ்னி போன்ற ஸ்தாபனமோ உலகம் முழுவதிலும் விற்க வேண்டியிருந்தமையால் எந்த நாட்டுக் குழந்தைக்கும் உடனே விளங்குகின்ற சிரிப்பையும் பாட்டையும் நாடியது. 1963இல் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரை வாரந்தோறும் தொலைக்காட்சிக்குக் கொடுக்க முனைந்த ஜப்பானியர் டெசுகா, சித்திரங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அசையாத முகத்தையும் நிலைத்த காட்சியையும் கொண்டே கதை சொல்லப் பழகினார். ஜப்பானியரின் தனி ரசனை என்று நாம் கொண்டாடும் அந்த நிச்சலனத்தில் ஒரு பகுதி சிக்கனத்தால் விளைந்தது.

பகைவனின் மனம் மாறுவதைச் சொல்லும் கதை இந்தியாவுக்கு மட்டும் உரியதும் அன்று. பிரெஞ்சுக்காரரான மிஷேல் ஓஸலோ தம் பிள்ளைப் பிராயத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழித்தவர். அவர் 1998இல் வெளியிட்ட 'கிரிகூ'வில் ஊரையே நடுங்கவைக்கும் சூனியக்காரி ஒருத்தி வருகிறாள். ஊரார் அவளைக் கண்டு ஓடுகிறார்கள். பிறந்த குழந்தையான கிரிகூ ஒருவன்தான் அவள் ஏன் கெட்டவளாக இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவள் முதுகில் யாரோ ஏற்றிய விஷமுள் ஒன்று தீராத வேதனை தருகிறது என்பது இறுதியில் தெரியவர, அதைத் தன் பல்லால் பிடுங்கி எடுக்கிறான். புண்ணியகோடியோடு ஒரே பந்தியில் உட்காரத் தகுந்தவன் அச்சிறுவன் என்பது என் துணிபு.

நம் நாட்டு அசைவூட்டக் கலையின் பிறப்பிலேயே இந்தச் சிந்தனை இருந்தது என்பதைப் பலர் அறியார். சுதந்திரத்துக்குப் பின் பம்பாயில் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவைக் கட்டியெழுப்பியபோது, நம் இளைஞர்களுக்குப் பயிற்சி தர 1956இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர் கிளேர் வீக்ஸ். இந்தியாவிலேயே பாதிரிமார் குடும்பத்தில் பிறந்து, டிஸ்னி கூடத்தில் 'பாம்பி' முதலிய படங்களில் வேலை செய்தவர் அவர். அப்பயிற்சியின் பயனாக வெளிவந்த படம் ஜாதகக் கதை ஒன்றைத் தழுவிய 'ஆலமரத்து மான்'. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1942இல் வந்த 'பாம்பி'யில் மான்குட்டியின் தாயை வேட்டைக்காரன் சுடுகிறான். அந்த மனிதனின் முகத்தைப் படம் கடைசிவரை காட்டவேயில்லை. அவனோடு பேச்சில்லை, மான் ஓடத்தான் வேண்டும். ஜாதகக் கதையிலோ, முறை வந்த சினைமானுக்குப் பதிலாக மான்களின் அரசனே வெட்டுமரத்தில் தலைவைத்துக் கிடக்கிறது. வாராணசி மன்னன் அதைக் கண்டு திகைத்து, காரணம் கேட்டு, வேட்டையையே விட்டுவிடுகிறான். அங்கே வேட்டைக்காரனுக்கு முகமும் உண்டு, காதும் உண்டு. ஒரே கலைஞரின் பழகிய கை இரண்டு தேசத்து மான்களையும் தொட்டது. முடிவு மட்டும் மண்ணுக்கேற்ப வேறாயிற்று. அப்பிரிவில் பயின்ற ராம் மோகன்தான் பிற்காலத்தில் ஜப்பானியர் யூகோ சாகோவோடு சேர்ந்து, 1992இல் நிறைவெய்திய ராமாயண அசைவூட்டப் படத்தை இயக்கியவர்களுள் ஒருவரானார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பியன் கதையில் கொல்லுகிறான், இந்தியன் கதையில் மன்னிக்கிறான் என்று யாரேனும் மேடையில் முழங்கினால் நம்பாதீர்கள். கிணற்றில் தெரிந்த நிழலைக் காட்டிச் சிங்கத்தைக் குதிக்கவைத்துக் கொன்ற முயல் நம் பஞ்சதந்திரத்து முயலேயாகும். துர்க்கசிம்மன் பதினோராம் நூற்றாண்டிலேயே பஞ்சதந்திரத்தைக் கன்னடமாக்கினான். இத்தாலியிலோ ஊரை அச்சுறுத்திய ஓநாயோடு புனிதர் பிரான்சிஸ் பேசி உடன்படிக்கை செய்துகொண்ட கதையைக் கிறிஸ்தவக் குழந்தைகள் கேட்டு வளர்கிறார்கள். ஒவ்வொரு தேசத்தாரின் களஞ்சியத்திலும் இருவகை வித்தும் உண்டு. எதை எடுத்து விதைக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

நாம் எதை விதைத்துக்கொண்டிருக்கிறோம்? 2007இல் தமிழில் சுட்டி டிவியும், 2009இல் கன்னடத்தில் சிண்டு டிவியும் தொடங்கியபோது, அயல்நாட்டுப் பாத்திரங்கள் நம் தாய்மொழியில் பேசின. அதனால் விளைந்த மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. டோராவோடு சேர்ந்து கூவிய குழந்தைகள் இன்று பெரியவர்களாகிவிட்டார்கள். 2008 முதல் ஐதராபாத்துக் கலைஞர்களின் சோட்டா பீம் லட்டைத் தின்றுவிட்டுக் கெட்டவர்களை அடித்துத் துவைத்து வருகிறான். வேட்டியும் கிராமமும் நம்முடையவை. பகைவனை நடத்தும் முறையோ கடன் வாங்கியது. குரல் தமிழாவதாலும் உடை இந்திய உடையாவதாலும் கதை நம்முடையதாகிவிடாது என்று நான் வருத்தத்தோடு சொல்லுகிறேன். அயல்நாட்டுப் படங்களை விலக்குங்கள் என்பது என் கட்சியன்று. அந்த முள்ளெலியையும் தவளைக் குஞ்சுகளையும் காணாத குழந்தை ஏதோ ஒன்றை இழந்துவிட்டது என்றே கருதுகிறேன். கதைகள் அங்கிருந்து இங்கே வருவது போலவே இங்கிருந்து அங்கேயும் போகவேண்டும் என்பதுதான் என் ஆசை.

புண்ணியகோடியின் கதையை இனி எடுப்போர்க்கு ஒரு விண்ணப்பம் உண்டு. புலி இறந்துபோவதைக் குழந்தைகள் தாங்கமாட்டார்கள் என்று பயந்து, அதற்குப் புல் தின்னக் கற்றுக்கொடுத்துவிடாதீர்கள். அந்தத் துக்கம்தான் கதையின் ஜீவன். புலி என்ன தின்னும் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கட்டும். அக்கேள்வி இவ்வட்டத்தில் வெறும் கற்பனையன்று. காட்டோரத்துக் கிராமங்களில் புலிக்கு மாட்டைப் பறிகொடுத்துவிட்டு இழப்பீட்டுக்கு அலைகிற குடும்பங்கள் இருக்கின்றன. புலியும் யானையும் நிம்மதியாகச் சாலையைக் கடக்கட்டும் என்று 2009 முதல் இரவு 9 மணிக்குமேல் காலை 6 மணிவரை பந்திப்பூர்ச் சாலைகளில் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. சரக்கு லாரிகள் விடியும்வரை காத்துக்கிடக்கின்றன. பசுவின் பக்கத்து நியாயத்தையும் புலியின் பக்கத்து நியாயத்தையும் அன்றாடம் சுமக்கிற மக்கள் நீங்கள். இக்கதையைச் சொல்ல உங்களைவிடத் தகுதியுடையவர் யார்?

பெருந்தொகை வேண்டும் என்று மலைக்க வேண்டாம். ஜெர்மனியில் லாட்டே ரைனிகர் என்னும் அம்மையார் 1926இலேயே கறுப்புத் தாளைக் கத்தரித்து நிழலுருவங்களாக்கி, ஒரு சிறு குழுவின் துணையோடு முழுநீளப் படம் செய்து முடித்தார். தோலில் பொம்மை செய்து விளக்கொளியில் ஆட்டும் கலை கன்னட நாட்டில் 'தொகலு கொம்பெயாட்ட' என்றும் தமிழ்நாட்டில் தோல்பாவைக் கூத்து என்றும் இன்றும் உயிரோடிருக்கிறது. அப்பொம்மைகளைக்கொண்டே பத்து நிமிஷப் படம் ஒன்றை, கன்னடத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக, இவ்வறக்கட்டளை முன்னின்று செய்விக்க வேண்டும். அதற்கு முன்பாக, கோவின ஹாடைப் பாடத் தெரிந்த பாட்டிமார் இந்த வட்டத்துக் கிராமங்களில் எவரெவர் உள்ளனரோ அவர்கள் அனைவரின் குரலையும் ஆசிரியர்கள் பதிவு செய்து வைக்க வேண்டும். பதிவுக்கு வேண்டிய கருவி உங்கள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அடுத்த ஆண்டு இதே மேடையில் நிற்கப்போகிற சொற்பொழிவாளர் பேச்சைத் தொடங்குமுன் அந்தப் படத்தைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டும்படி செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.